ரிப்போர்ட்டில் ‘மரணக் கிரீடம்’: அப்பா ஹெர்னியா ஆபரேஷனுக்கு வர மறுக்கிறார்

கேள்வி: டாக்டர் ஐயா, என் அப்பாவுக்கு 63 வயது. வலது தொடை இடுக்கில் இரண்டு வருடமாகக் குடலிறக்கம். படுத்தால் உள்ளே போய்விடும், பாரம் தூக்கினால் வெளியே வரும். லேப்ரோஸ்கோப்பி மூலம் வலை வைத்துவிடலாம் என்று அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது, வலி இல்லை. மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தோம். கல் இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ரத்தமும் தானாக நின்றுவிட்டது. அந்த ரிப்போர்ட்டின் கடைசி வரியில், ‘இடது ஆப்டுரேட்டர் தமனி இன்ஃபீரியர் எபிகாஸ்ட்ரிக் தமனியிலிருந்து கிளம்புகிறது, கரோனா மோர்ட்டிஸ்’ என்று இருக்கிறது. தம்பி தேடிப் பார்த்து அதற்கு ‘மரணக் கிரீடம்’ என்று அர்த்தம் சொன்னான். அன்றிலிருந்து அப்பா ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து 14 மாதம் ஆகிறது. ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சாப்பிடுகிறார். இது என்ன நோய்? வெடிக்குமா? பிள்ளைகள் எங்களுக்கும் இருக்குமா? நான் ஆறு மாதக் கர்ப்பிணி, முதல் பிரசவம் சிசேரியன். எனக்கு ஆபத்து உண்டா?
— வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு (மலேசியா)

பதில்: அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள், சகோதரி. ‘இடது’ என்று எழுதியிருக்கிறது. அப்பாவுக்கு ஹெர்னியா வலது பக்கம். இரண்டையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள், பயத்தில் கண்ணில் படவில்லை. தம்பி பெயரைத் தேடினார், பக்கத்தைப் பார்க்கவில்லை.

அதற்காக ரிப்போர்ட்டைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். வலது பக்கமும் அப்படி இருக்க வாய்ப்புண்டு. ஏன் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் அந்தக் குழாய் எது என்று பார்த்துவிடுவோம்.

இருதயத்திலிருந்து இறங்கி வரும் பெருந்தமனி, ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில், நான்காவது இடுப்பு முள்ளெலும்புக்கு முன்னால் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் சில சென்டிமீட்டர் போனதும் மறுபடி இரண்டாகும். வெளிக்கிளை தொடைக்கும் காலுக்கும் போகிறது. உட்கிளை சுமார் 4 செ.மீ. நீளமே உள்ள குட்டைத் தண்டு. அது இடுப்புக்கூட்டுக்குள் இறங்கி சிறுநீர்ப்பை, மலக்குடல், கருப்பை அல்லது புராஸ்டேட், பிட்டத் தசைகள் என்று எல்லாவற்றுக்கும் ரத்தத்தைப் பங்கு பிரிக்கிறது. பாடப்புத்தகப்படி ஆப்டுரேட்டர் தமனி இந்த உட்கிளையின் பிள்ளை. இடுப்பின் பக்கச் சுவரை ஒட்டி முன்னால் ஓடி, எலும்பில் உள்ள ஒரு துளை வழியாகத் தொடையின் உட்புறத் தசைகளுக்குப் போய்ச் சேரும்.

அப்பாவுக்கு இடது பக்கம் அது வெளிக்கிளையின் வழியில் பிறந்திருக்கிறது. வயிற்றின் முன்சுவருக்கு ஏறும் இன்ஃபீரியர் எபிகாஸ்ட்ரிக் தமனியிலிருந்து கிளம்பி, பூப்பெலும்பின் (அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் இடுப்பெலும்பு) பின்புறமாக இறங்கி, அதே துளைக்குள் நுழைகிறது. பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு ஃபெர்ரியிலும் போகலாம், பாலத்திலும் போகலாம் அல்லவா? போய்ச் சேரும் ஊர் ஒன்றுதான்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், கருவில் ரத்தக்குழாய்கள் முதலில் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. எந்த வழியில் ஓட்டம் கூடுதலோ அந்த வழி தடிக்கும், மற்றது சுருங்கி மறையும். ஆப்டுரேட்டர் தமனியையும் எபிகாஸ்ட்ரிக் தமனியையும் பூப்பெலும்புக்குப் பின்னால் இணைக்கும் மெல்லிய இழை பெரும்பாலோருக்கு உண்டு. சிலருக்கு அந்த இழையே பெருத்துப் பிரதானக் குழாயாகிவிடுகிறது. நான்கைந்து பேரில் ஒருவருக்கு ஆப்டுரேட்டர் தமனி இப்படி இடம் மாறிக் கிளம்பும். சிரைகளையும் சேர்த்து எண்ணினால், ஏறக்குறைய பாதி இடுப்புப் பக்கங்களில் அந்த எலும்புக்குப் பின்னால் ஏதாவதோர் இணைப்பு இருக்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் கூட்டத்தில் பாதிப்பேராவது இந்தக் கிரீடத்தோடுதான் ஏறுகிறார்கள்.

நோய் இல்லை. வெடிக்காது. குழாயின் சுவர் பலவீனமாகி வீங்குவது அனூரிசம், அது வேறு சங்கதி. அப்பாவின் குழாய் 63 வருடமாக அவரோடு இருந்து தன் வேலையைச் செய்துவருகிறது. அது இருப்பதாக யாருக்கும் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஏன் இப்படி ஒரு பெயர்? அந்தக் காலத்துத் தொடை ஹெர்னியாவால் வந்தது. பெண்களுக்கு அதிகமாக வரும் வகை அது. குடல் ஒரு குறுகிய வளையத்துக்குள் புகுந்து நெரிபடும். வளையத்தின் உட்புற விளிம்பு, அதாவது உடலின் நடுக்கோட்டைப் பார்த்த விளிம்பு, கிம்பர்நாட் லிகமென்ட் என்ற விறைப்பான நார்ப்பட்டை. 18-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய அறுவை மருத்துவர் ஒருவரின் பெயர் அது. குடலை விடுவிக்க அந்தப் பட்டையைக் கத்தியால் கீறுவார்கள். விரல் நுனியால் தடவிப் பார்த்துச் செய்யும் வேலை, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இடம் மாறிய ஆப்டுரேட்டர் தமனி பெரும்பாலும் வளையத்துக்கு வெளிப்பக்கமாகப் போய்விடும், அங்கே பயமில்லை. சிலருக்கு மட்டும் உட்பக்கமாக வளைந்து, கீற வேண்டிய அதே விளிம்பில் படிந்திருக்கும். கத்தி பட்டால் முடிந்தது.

ஏன் முடிந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சாதாரணமாக ஒரு தமனி அறுபட்டால் ரத்தம் வரும் பக்கத்தைக் கட்டினால் போதும். இதற்கு இரண்டு பக்கமும் வரத்து உண்டு. மேலே வெளிக்கிளையிலிருந்து வருகிறது, கீழே உட்கிளையின் சிறு இணைப்புகளிலிருந்தும் வருகிறது. அறுபட்டதும் ஒரு முனை மேலே சுருண்டுகொள்ளும், மறுமுனை எலும்புத் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். ஒன்றைப் பிடித்துக் கட்டினாலும் மற்றதிலிருந்து ஒழுகிக்கொண்டே இருக்கும். விளக்கும் உறிஞ்சு கருவியும் ரத்த வங்கியும் இல்லாத நாளில் இப்படிச் சிலர் இறந்துபோனார்கள். பெயரில் உள்ள மரணம் அந்தக் காலத்து மரணம்.

இன்று அப்பாவுக்குச் செய்யப்போவது வேறு. லேப்ரோஸ்கோப்பியில் தொப்புளுக்குக் கீழே 10 மி.மீ. துளை ஒன்று, அதற்குக் கீழே 5 மி.மீ. துளைகள் இரண்டு. வயிற்றுத் தசைக்கும் குடலை மூடியிருக்கும் சவ்வுக்கும் நடுவே வாயு செலுத்தி இடம் உண்டாக்குகிறார்கள். கேமரா பார்க்கும் முதல் அடையாளம் கூப்பர் லிகமென்ட். பூப்பெலும்பின் மேல்விளிம்பில் வெள்ளையாகப் பளபளக்கும் பட்டை அது. நடுக்கோட்டிலிருந்து 4 முதல் 6 செ.மீ. தள்ளி, அந்த வெள்ளைப் பட்டையைக் குறுக்கே கடந்து கீழே இறங்கும் ஓர் இழை தெரிந்தால் அதுதான் உங்கள் தம்பி தேடிய கிரீடம். நீலமாக இருந்தால் சிரை, துடித்தால் தமனி. பெரும்பாலும் 2, 3 மி.மீ. தடிமன். திரையில் பல மடங்கு பெரிதாகத் தெரியும். பழைய டாக்டர்கள் விரலால் தடவிய இடத்தை இன்று கண்ணால் பார்க்கிறார்கள்.

தவறு நேர்வது எங்கே? ஒன்று, அந்தப் பட்டையின் மேல் படிந்திருக்கும் கொழுப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று பிடித்து இழுக்கும்போது. கொழுப்போடு குழாயும் வந்துவிடும். இன்னொன்று, வலையைப் பொருத்தும்போது. வலை 10-க்கு 15 செ.மீ. அளவு, அதன் கீழ்விளிம்பு பூப்பெலும்பைத் தாண்டி இறங்க வேண்டும். அதை நகராமல் வைக்க எலும்பில் அடிக்கும் சுருள் ஆணி, டேக் என்பார்கள், சரியாகக் குழாயின் மேல் இறங்கிவிடலாம். அதனால் ஆணி தேவையென்றால் நடுக்கோட்டை ஒட்டிய பகுதியில், குழாய் இல்லை என்று கண்ணால் உறுதி செய்துகொண்டு அடிப்பார்கள். சிறிய, நடுத்தர ஹெர்னியாவுக்கு ஆணியே வேண்டாம், வலை அந்த இடத்தின் அழுத்தத்திலேயே நிற்கும் என்பதுதான் இன்றைய வழிகாட்டல். நடுக்கோட்டை ஒட்டி நேரே முன்னால் பிதுங்கும் பெரிய ஹெர்னியாவுக்கு மட்டும் ஏதாவதொரு பிடிமானம் வேண்டும். அதற்கும் பசை உண்டு.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அவசரக்காரர்கள் கோட்டைவிடுவது. உள்ளே வாயு அழுத்தம் 12 மி.மீ. பாதரச அளவில் இருக்கும்போது சிரை கிழிந்தால் ரத்தம் வராது, அந்த அழுத்தமே அடைத்துப் பிடித்திருக்கும். வாயுவை விட்டபிறகுதான் ஒழுகத் தொடங்கும். நிதானமானவர்கள் வெளியே வருமுன் அழுத்தத்தைக் குறைத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வருவார்கள். ஒழுகினால் கண்மூடித்தனமாக கிளிப் போடுவதில்லை. சின்ன துணித் துண்டை வைத்து அமுக்கிக்கொண்டு, இடத்தைச் சுத்தம் செய்து, இரண்டு முனையையும் தேடி இரண்டையும் அடைப்பார்கள். அபூர்வமாக முனை கைக்கு எட்டாமல் போனால், தொடை வழியாகக் கம்பி போன்ற குழாயை ஏற்றி உள்ளிருந்தே அடைக்கும் எம்போலைசேஷன் இருக்கிறது.

முன்பக்கம் திறந்து செய்யும் பழைய முறையில் வலை வயிற்றுச் சுவரின் முன் அடுக்கில், தொடை இடுக்கில் தசைகளுக்கு நடுவே உள்ள இங்குவைனல் கால்வாய்க்குள் உட்காரும். பூப்பெலும்பின் பின்பக்கத்துக்குக் கை போகவே போகாது. அந்த முறையில் இந்தக் குழாய் கணக்கிலேயே இல்லை.

வலது பக்கமும் இருக்கலாம் என்று ஏன் சொன்னேன்? இடுப்புத் தமனிகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று விதி இல்லை. இடதில் இருப்பது வலதில் இல்லாமலும் போகும், இருக்கவும் செய்யும். சிறுநீரில் ரத்தம் வந்ததற்கு எடுக்கும் சி.டி. சிறுநீரகத்தையும் சிறுநீர்க்குழாயையும் பார்க்க எடுப்பது. மருந்து தமனியில் இருக்கும் நொடியைப் பிடிக்க எடுப்பதில்லை. 5 மி.மீ. துண்டுகளாகப் படம் பார்த்தால் 2 மி.மீ. குழாய் நழுவிப்போகும். சிரை இணைப்புகளை இந்த ரிப்போர்ட்டுகளில் யாரும் எழுதுவதே இல்லை, ஆனால் எண்ணிக்கையில் தமனியைவிட அவைதான் அதிகம். அதனால் ‘வலது பக்கம் ஒன்றும் எழுதவில்லை’ என்பதை ‘வலது பக்கம் ஒன்றும் இல்லை’ என்று படிக்கக் கூடாது. இதற்காக இன்னொரு சி.டி. எடுக்கச் சொல்லிப் பணம் கட்டவும் வேண்டாம். நல்ல அறுவை மருத்துவர் எல்லா நோயாளிக்கும் அந்தக் குழாய் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டுதான் அந்த இடத்துக்குப் போகிறார்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஸ்கேன் ஓரிடத்தில், ஆபரேஷன் வேறிடத்தில் என்றால் இரண்டு கணினியும் ஒன்றோடொன்று பேசாது. ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படம் உள்ள சிடியையும் கேட்டு வாங்கி அறுவை மருத்துவரிடம் கொடுங்கள். ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போடும் நாளில் அல்ல, அதற்கு முன்னால். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், “டாக்டர், வலையை ஆணி அடித்து வைப்பீர்களா, பசையா, சும்மாவா?” என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே அப்பாவுக்குப் பாதி பயம் போய்விடும்.

மாத்திரை விஷயம் இதைவிட முக்கியம். கழுத்தளவு ரத்தத்தில் கிரீடம் மிதப்பதாக அப்பா கனவு கண்டுகொண்டிருக்கிறார், ஆனால் ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் கட்டுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த இரட்டை மாத்திரை. ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். குளோபிடோகிரெலை 5 முதல் 7 நாளுக்கு முன் நிறுத்துவது வழக்கம். ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு அதை நிறுத்தலாமா, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை இருதய மருத்துவர் எழுத்தில் தர வேண்டும். 14 மாதம் ஆனதால் அவர் சரி என்று சொல்லக்கூடும். நீங்களாக ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, ஜிங்கோ என்று பார்மசியில் வாங்கிச் சாப்பிடுவது இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கேட்டால் பெரும்பாலோர் ‘மருந்து ஒன்றும் இல்லை’ என்பார்கள், அவர்கள் கணக்கில் அது மருந்து இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு தொடை இடுக்கும் விதைப்பையும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போகும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறையும். அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு: உட்கார்ந்தால் தலை சுற்றுவது, குளிர்ந்த வியர்வை, முகம் வெளுப்பது, அடிவயிறு கல்லாகக் கெட்டிப்படுவது, சிறுநீர் முட்டியும் போக முடியாதது. நாடி வேகமாக ஓடும் என்று எழுதியிருப்பார்கள். ஸ்டென்ட் வைத்த பலரும் நாடித் துடிப்பைக் குறைக்கும் பிசோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுவதால் அவர்களுக்கு நாடி ஏறாது. அப்பாவும் சாப்பிடுகிறார் என்றால் நாடி 80-தானே என்று ஏமாறாதீர்கள். 999-ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பரிசோதனை வேண்டாம். குடும்பத்தில் தொடர்ந்து வருகிறதா என்று தேடி ஸ்கேன் எடுக்கும் வழக்கம் எங்கும் இல்லை, தெரிந்து செய்வதற்கும் ஒன்றும் இல்லை. தம்பி மோட்டார் சைக்கிளில் போகிறவர் என்றால் ஒரு சேதி மட்டும். விபத்தில் பூப்பெலும்பு உடையும்போது அதன் பின்னால் போகும் இந்தக் குழாய் கிழியும். ஒழுகும் இடத்தை அடைக்க உட்கிளையில் மருந்து ஏற்றிப் பார்த்துவிட்டு ‘கசிவு இல்லை’ என்று விட்டுவிட்டால், வெளிக்கிளையிலிருந்து ஒழுகிக்கொண்டே இருக்கும். அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் இரண்டையும் பார்க்காமல் கம்பியை வெளியே எடுக்க மாட்டார். உடைந்த இடுப்பெலும்பை முன்பக்கமாகத் திறந்து தகடு வைக்கும் எலும்பு மருத்துவர்களும் முதல் வேலையாக இதைத் தேடிக் கட்டிவிட்டுத்தான் மேலே போவார்கள்.

இனி உங்களுக்கு. சிசேரியனில் கத்தி போகும் வழிக்கும் கூப்பர் லிகமென்ட்டுக்கும் சம்பந்தமில்லை. அப்பாவுக்கு இருப்பது உங்களுக்கும் இருந்தாலும் பிரசவத்தில் அதனால் ஒன்றும் ஆகாது. பிரசவத்தில் பேச வேண்டியது அதே உட்கிளையின் இன்னொரு பிள்ளையான கருப்பைத் தமனி. கருப்பை வாய்க்கு சுமார் 2 செ.மீ. பக்கவாட்டில், சிறுநீரகத்திலிருந்து வரும் யூரிட்டர் என்ற குழாயின் மேலாக அது கடந்து போகிறது. பினாங்குக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: மேலே பாலம், கீழே தண்ணீர். ரத்தம் பெருகும் அவசரத்தில் பாலத்தைக் கட்டுகிறேன் என்று தண்ணீர்க் குழாயையும் சேர்த்துக் கட்டிவிடுவதுதான் மகப்பேறு மருத்துவர்களின் நிரந்தரக் கவலை. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மி.லி. ரத்தம் ஓடுகிறது, அதனால்தான் அந்த அவசரம்.

பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காவிட்டால் முதலில் கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்துகள், மூன்று மணி நேரத்துக்குள் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், பிறகு கருப்பைக்குள் பலூன், கருப்பையைச் சுற்றித் தையல். எதற்கும் அடங்காதபோது உட்கிளையையே கட்டுவார்கள். கேட்கும்போது பயமாக இருக்கும். ஆனால் கட்டுவதால் ரத்தம் முழுக்க நின்றுவிடுவதில்லை. சுற்றுவழிகள் நிறைய இருப்பதால் ஓட்டம் ஏறக்குறைய பாதியாகக் குறையும், துடிப்பின் வீச்சு மட்டும் 85 சதவீதம் வரை விழும். தமனி ரத்தம் சிரை ரத்தம் போல அமைதியாக ஓடும், உறைந்து அடைபட நேரம் கிடைக்கும். கருப்பை பிழைக்கும். பின்னால் குழந்தை பெற்றவர்களும் உண்டு.

இங்கேதான் கிளைகள் இடம் மாறுவது உண்மையிலேயே கையைக் கடிக்கும். உட்கிளை முன், பின் என்று இரண்டாகப் பிரியும். பின்கிளை பிட்டத் தசைகளுக்குப் போகிறது, அதைக் கட்டிவிட்டால் பிட்டத்தில் வலி, மோசமானால் சதை அழுகல். அதனால் பெருங்கிளை பிரியும் இடத்திலிருந்து சுமார் 5 செ.மீ. கீழே, பின்கிளை போன பிறகு, முன்கிளையை மட்டும் கட்டப் பார்ப்பார்கள். ஆனால் தண்டின் நீளம் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு முன், பின் என்ற பிரிவே தெளிவாக இருக்காது. ஜப்பானிய உடற்கூறு அறிஞர் அடாச்சி 1928-இல் பெரிய கிளைகள் பிரியும் விதத்தை ஐந்து வகையாகப் பிரித்துவைத்தார். பாதிப்பேர் அளவில் முதல் வகைக்குள் அடங்குவார்கள், மீதிப்பேர் மற்றவற்றில் சிதறிக்கிடப்பார்கள். அதனால் பாடப் படத்தை நம்பாமல், யூரிட்டரை முதலில் கண்டு நகர்த்தி, அடியில் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய சிரை கிழியாதபடி கவ்வியை வெளியிலிருந்து உள்ளாகச் செலுத்தி, நூலை இறுக்குமுன் அதே பக்கத்துக் காலில் நாடி துடிக்கிறதா என்று இன்னொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். துடிப்பு நின்றால் பிடித்திருப்பது காலுக்குப் போகும் குழாய். பத்தாயிரத்தில் சிலருக்கு, கருவில் மறைய வேண்டிய சயாட்டிக் தமனி மறையாமல் நின்று, உட்கிளை வழியாகவே காலுக்கு ரத்தம் போகும். அவர்களுக்கு அந்தக் கட்டு காலையே பாதிக்கலாம்.

இவ்வளவும் சொன்னது உங்களைப் பயமுறுத்த அல்ல. உங்களுக்கு இதெல்லாம் தேவைப்படுமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது தமனி எங்கே கிளம்புகிறது என்பதல்ல, நச்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்பது. முன்பு சிசேரியன் ஆனவருக்கு நச்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடியிருந்தால், சுமார் பத்தில் ஒருவருக்கு அது பழைய தழும்புக்குள் வேர்விட்டிருக்கும். அடுத்த ஸ்கேனில் “நச்சுக்கொடி எங்கே இருக்கிறது?” என்று கேளுங்கள். மேலே இருந்தால் இந்தப் பத்திகள் தேவைப்படும் வாய்ப்பு மிகக் குறைவு. கீழே இருந்தால் 32 வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லி, ரத்த வங்கி உள்ள பெரிய மருத்துவமனையில் பிரசவம் என்று இப்போதே பதிந்துவையுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத கேள்வி. எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது கரோனா மோர்ட்டிஸ் அல்ல. 63 வயது ஆணுக்கு வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்திருக்கிறது. ‘கல் இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, தானாக நின்றுவிட்டது’ என்று மூன்றே வாக்கியத்தில் அதை முடித்துவிட்டீர்கள். சிறுநீர்ப்பையை யாராவது உள்ளே பார்த்தார்களா? சி.டி. சிறுநீரகத்துக்கு நல்ல கண். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் தட்டையாகப் படர்ந்த புற்றுக்கு அது அரைக்கண்தான். தானாக நிற்பதும் சில மாதம் கழித்துத் திரும்ப வருவதும் அந்த நோயின் சுபாவம். ‘ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் வந்திருக்கும்’ என்று சொல்லித் தள்ளிவிடவும் முடியாது. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வந்தாலும் முழுப் பரிசோதனை செய்தே தீர வேண்டும். அப்பா சிகரெட் பிடிப்பவர், அல்லது பிடித்து விட்டவர் என்றால் இன்னும் அவசரம்.

செய்ய வேண்டியது சிஸ்டோஸ்கோப்பி. மரத்துப்போகும் ஜெல் தடவி, வளையும் மெல்லிய குழாயைச் சிறுநீர் வரும் வழியாகவே விட்டுப் பார்ப்பது, சில நிமிஷ வேலை. கூடவே புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறார், முக்கிப் போகிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள். முக்குவதும் ஹெர்னியாவை வளர்க்கும்.

வலை எங்கே வைப்பது என்ற முடிவும் இதில்தான் தொங்குகிறது. லேப்ரோஸ்கோப்பி வலை உட்காரும் இடம் சிறுநீர்ப்பைக்கும் புராஸ்டேட்டுக்கும் முன்னால். அங்கே வலை ஒட்டித் தழும்பாகிவிட்டால், பிறகு புராஸ்டேட்டையோ சிறுநீர்ப்பையையோ எடுக்க வேண்டிய நிலை வந்தால் அந்த ஆபரேஷன் மிகவும் கடினமாகிவிடும். அப்படி ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்தால் பலரும் முன்பக்கம் திறந்து செய்யும் முறையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். லேப்ரோஸ்கோப்பியா, திறந்த முறையா என்று கேட்டால், என் பதிலை மாற்றுவது இடது பக்கத் தமனி இல்லை, அந்தச் சிவந்த சிறுநீர்.

ஹெர்னியா காத்திருக்கும். அதிகத் தொந்தரவு இல்லாத ஹெர்னியா உள்ள 720 ஆண்களை வைத்து வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. காத்திருந்தவர்களில் குடல் மாட்டி அவசரமானது, ஆயிரம் பேரை ஓர் ஆண்டு கவனித்தால் இரண்டுக்கும் குறைவு. பிதுங்கியது உள்ளே போகாமல் வலித்தால், வாந்தி வந்தால், தோல் சிவந்தால் மட்டும் இரவானாலும் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அதுவரை பாரம் தூக்காமல், மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த வாரமே கிளினிக்கில் யூராலஜிக்கு (சிறுநீர்ப்பாதை மருத்துவப் பிரிவு) ரெஃபரல் கடிதம் வாங்குங்கள். கடிதத்தில் ‘வலியில்லாமல் கண்ணுக்குத் தெரிந்த ரத்தம்’ என்ற வார்த்தைகள் இருக்கட்டும், தேதி சீக்கிரம் கிடைக்க அவை உதவும். ஹெர்னியா தேதிக்கு முன் யூராலஜி தேதி கிடைக்காவிட்டால், தள்ளிப் போக வேண்டியது ஹெர்னியா.